தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பால் அலர்ஜி. அவனுக்காகத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்கிறேன். தெரிந்தவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு லிட்டருக்குப் பொருள் செலவு 180 ரூபாய், பத்து கப் விற்றால் 400 ரூபாய். மாதம் 65 கப் வரை போகிறது. நகையை அடகு வைத்து 1.5 லட்சத்தில் மெஷினும் டீப் ஃப்ரீசரும் வாங்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. மகனுக்காகத் தொடங்கியது ஊரார் கேட்டு வாங்கும் அளவுக்கு வந்திருப்பது உண்மையிலேயே சந்தோஷம். அதனால்தான் நகை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

லிட்டருக்கு 220 ரூபாய் லாபம் என்று நினைத்திருப்பீர்கள். கப், மூடி, ஸ்பூன் மூன்றும் சேர்த்து ஒரு கப்புக்கு 4 ரூபாய் போனால் லிட்டருக்கு மிச்சம் 180. அதாவது கப்புக்கு 18 ரூபாய். 65 கப்புக்கு மாதம் 1,170. நகைக் கடனுக்கு ஆண்டு வட்டி 12% என்று வைத்தாலும் 1.5 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 1,500 ரூபாய். இரண்டு வருடத்தில் அசலோடு அடைக்க மாதம் சுமார் 7,060 வேண்டும். அதற்கு தினமும் 13 கப் விற்றாக வேண்டும், ஐப்பசி மழையிலும்கூட.

உங்கள் உழைப்பை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. தேங்காய் துருவி, அரைத்து, பிழிந்து, கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்தபின் முக்கால் மணிக்கு ஒருதரம் எடுத்து அடிக்க வேண்டும். அப்படி அடிக்காவிட்டால் ஐஸ் துகள் பெரிதாகி நறநறவென்று இருக்கும். கைவேலை மட்டும் லிட்டருக்கு மூன்று மணி நேரம் என்றால் உங்கள் கூலி மணிக்கு 60 ரூபாய்தான். ஒரே தடவையில் இரண்டு லிட்டர் செய்யுங்கள். நேரம் இரட்டிப்பாகாது, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கப்பை 50 ரூபாய் ஆக்குங்கள். பால் ஆகாத பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கும் என்று தேடி வருபவர்கள் பத்து ரூபாய்க்காகத் திரும்பிப் போகமாட்டார்கள். இந்த இரண்டையும் செய்தாலே கூலி மணிக்கு 140 ஆகிவிடும், மெஷின் இல்லாமலே.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ஐஸ்கிரீமுக்குக் கெட்டியான முதல் பால் மட்டும் போதும். இரண்டாம் பாலை அன்றைக்கே சொதிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் தேங்காய் குறையும், வழவழப்பும் வரும். ஆனால் கருப்பட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவாகக் கிடைப்பதில் சர்க்கரைக் கலப்படம் அதிகம், அந்த வாசனை வராது.

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எடுத்துவிடுங்கள், கட்டணம் மிகக் குறைவு. பால் இல்லாததால் லேபிளில் 'ஐஸ்கிரீம்' என்று போட விதி இடம் தராது. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்ற வகையில்தான் வரும். ஜிஎஸ்டி பதிவுக்கு மற்ற பொருட்களுக்கு உள்ள 40 லட்ச ரூபாய் ஆண்டு விற்பனை வரம்பு இதற்குக் கிடையாது, 20 லட்சம்தான். அது இப்போது உங்களுக்குத் தூரம்.

இன்னொன்று, பால் பட்ட மிக்ஸி ஜாரை இதற்குத் தொடவே வேண்டாம், தனி ஜார் வாங்குங்கள். அலர்ஜி உள்ள குழந்தைக்குத் துளிப் பாலும் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மாதம் 300 கப் என்று மூன்று மாதம் தொடர்ந்து விற்ற பிறகு ஃப்ரீசரை மட்டும் வாங்குங்கள். அதற்கும் நகை வேண்டாம். சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவின் 'சிசு' பிரிவுக் கடனில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். அதுவரை வரும் லாபத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், வீட்டுச் செலவோடு கலக்க வேண்டாம்.