கழற்றிய ஆல்டர்னேட்டர் எங்கே?

கேள்வி: என்னுடைய 1997ஆம் ஆண்டு மாருதி 800 காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் 6,500 ரூபாய் கொடுத்து ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) மாற்றினேன். பத்தே நாளில் சார்ஜ் ஏறாமல், மகனின் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் முன் தலைகுனிவு. கேட்டதற்கு, "இந்த ஓட்டை வண்டிக்கு நான் பொறுப்பா?" என்று ஒர்க்‌ஷாப்காரர் விரட்டினார். தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டுத் திருடன் என்று எழுதினேன். வேறு மெக்கானிக் சரிசெய்துவிட்டார், பில் இணைத்துள்ளேன். இரண்டு லட்சம் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: நிச்சயதார்த்தத்தையும் அவர் பேச்சையும் ஒதுக்கிவையுங்கள். சேவைக் குறைபாடு நிரூபணமானால்தான் மன உளைச்சலைப் பற்றிய பேச்சே வரும்.

நீங்கள் இணைத்த பில்தான் உங்களுக்கு எதிரி. ஆல்டர்னேட்டரோடு, அதைச் சுழற்றும் பெல்ட், பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயர் இரண்டையும் மாற்றியதாக அதில் இருக்கிறது. முதல் ஒர்க்‌ஷாப் பொருத்திய பழைய ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொண்டு 800 ரூபாய் கழித்திருக்கிறார்கள். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் நல்ல ஆல்டர்னேட்டர்கூடச் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. கோளாறு எதில் இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெல்ட்டை இறுக்குவது பொருத்தியவர் வேலை என்று வாதாடலாம்தான். அது தளர்ந்திருந்ததை யார் பார்த்தார்?

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஆல்டர்னேட்டர் முனையிலும் பேட்டரியிலும் தனித்தனியே அளந்து, அதை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கியிருந்தால், கோளாறு ஆல்டர்னேட்டரிலா ஒயரிலா என்பது அன்றே தெரிந்திருக்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எதை அனுப்புவது? பழைய வண்டி வழக்குகளில் என் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான்: வண்டி ஓடினால் போதும் என்று சாட்சியத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இன்றே இரண்டாவது மெக்கானிக்கிடம் போங்கள். பழையது இன்னும் அங்கே கிடந்தால், பிரிக்காமல் வாங்கி, எந்த வண்டியில் எப்போது கழற்றியது என்று அவரிடம் கையெழுத்துப் பெறுங்கள். பிறகு நோட்டீஸ் பற்றி யோசிக்கலாம்.

போய்விட்டது என்றால் வழக்கை மறந்து சமாதானம் பேசுங்கள். 'திருடன்' பதிவுக்காக ஒர்க்‌ஷாப்காரர் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 356ஆவது பிரிவில் அவதூறு வழக்குத் தொடரலாம். இன்றைய நிலையில் உங்கள் வழக்கைவிட அது பலமானது. பதிவை முதலில் நீக்குங்கள். பாதிப் பணம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு, இருவருக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.