புள்ளியியலா, டேட்டா சயின்ஸா?

இந்தத் தடவை எம்.எஸ்ஸி. அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (பயன்பாட்டுப் புள்ளியியல்) படிப்பைச் சுற்றியே மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன, அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்து இரண்டு வருஷமாக ஒரு பி.பி.ஓ.வில் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க ஆசை. தோழிகள் டேட்டா சயின்ஸ்தான் இப்போது ஓடுகிறது என்கிறார்கள். அப்பாவோ கணக்கிலேயே எம்.எஸ்ஸி. பண்ணிவிட்டு பி.எட். போ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, சங்கரன்கோவில்

எல்லார் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, சேர நினைக்கும் கல்லூரியின் சிலபஸைக் கையில் எடுங்கள். நிகழ்தகவு, இன்ஃபெரன்ஸ் (கொஞ்சம் டேட்டாவை வைத்து முழுமையைப் பற்றி முடிவுக்கு வருவது), கூறெடுப்பு (சாம்ப்ளிங்), சோதனை வடிவமைப்பு, ரெக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிப்பது), இந்த ஐந்தும் ஒழுங்காக இருந்தால் படிப்புக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சேரலாம். நான் பார்த்த சில டேட்டா சயின்ஸ் சிலபஸ்களில் கூறெடுப்பு என்று ஒரு தாளே கிடையாது, நாலு செமஸ்டரும் சாஃப்ட்வேர் பெயர்கள்தான். சாஃப்ட்வேரை நீங்களே கற்றுக்கொள்ளலாம், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், பைத்தானும் இலவசம். டேட்டா எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கும் பழக்கம் மட்டும் தனியாக உட்கார்ந்து படித்தால் அவ்வளவு சுலபத்தில் வராது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் ஊர்ப்பக்கம் வயலிலேயே நடப்பதுதான். நெல் விளைச்சலைக் கணக்கிட அறுவடை நேரத்தில் அதிகாரிகள் வந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதில் இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். எந்த வயல், அதில் எந்த இடம் என்பதை ரேண்டம் எண்கள் தீர்மானிக்கும், இல்லாவிட்டால் கண் தானாக நல்ல கதிரைத் தேடிப் போய்விடும். சரி, 25 சதுர மீட்டர் எதற்கு, ஒரு சதுர மீட்டர் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். 1940-களில் பி.வி.சுகாத்மே போன்ற புள்ளியியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சின்னச் சதுரமாக எடுத்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டியது! கயிற்றை ஒட்டி நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற சந்தேகம் வரும்போது ஆட்கள் பெரும்பாலும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் காரணம். ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 4 மீட்டர், பரப்பு 1 சதுர மீட்டர். ஐந்து மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 20, பரப்பு 25. பரப்போடு ஒப்பிட்டால் சின்னதில் ஓரம் ஐந்து மடங்கு அதிகம், ஓரத்தில் நடக்கும் தப்பும் அதே கணக்கில் பெருகும். இந்தத் தப்பு எடை போட்டு வந்த எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அந்த எண்களை எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அது வாய் திறந்து சொல்லாது. அப்ளைடு என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்.

எங்கே படிப்பது? ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் தேர்வில் மேதமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று தனித்தாள் உண்டு, மூன்று மணி நேரம், 100 மார்க். கணக்கும் வரும், புள்ளியியலும் வரும். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-ல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். (புள்ளியியல் முதுகலை) படிக்கத் தனி நுழைவுத்தேர்வு. கடினம்தான், ஆனால் கிடைத்துவிட்டால் உதவித்தொகையோடு படிக்கலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம், லயோலா, மாநிலக் கல்லூரி என்று பழைய துறைகள் இருக்கின்றன. சேருவதற்கு முன் மேட்ரிக்ஸையும் தொகை நுண்கணிதத்தையும் ஒருமுறை தூசி தட்டிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் போய் முதல் செமஸ்டர் நிகழ்தகவுத் தாளில் அரியர் வைத்தவன்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவும் முதலில் கணக்கில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் கல்கத்தாவுக்குப் போய்ப் புள்ளியியலில் இன்னொரு எம்.ஏ. வாங்கினார்.

எம்.எஸ்ஸி. அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டாம் வருஷம். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத சர்டிஃபிகேட்டில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஹாஸ்டலில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், விழுப்புரம்

பயப்படாதீர்கள் தம்பி, யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மேதமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று மூன்று பெயரும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு 1000 மார்க், நேர்முகம் 200. அந்த ஆயிரத்தில் 800 உங்கள் பாடத்திலிருந்துதான், மீதி ஆங்கிலமும் பொது அறிவும். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30. ஹாஸ்டலில் கேட்பதை விட்டுவிட்டு அறிவிப்பை நேரில் படியுங்கள்.

ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி லேபில் இருக்கிறேன், வயது 41. கவுன்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்), சி.வி. (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன), யு பர்சன்ட் (நூலின் சீரின்மை) எல்லாம் தினமும் எழுதுகிறேன். தொலைநிலைக் கல்வியில் இந்த எம்.எஸ்ஸி. பண்ணினால் பிரயோஜனம் உண்டா?
– வாசகர், ராஜபாளையம்

அண்ணே, சி.வி. எழுதுகிறவர் ஏற்கெனவே பாதி வகுப்பில் உட்கார்ந்துவிட்டவர். டிகிரி இருந்தால் மில்லில் சம்பளமோ பதவியோ ஏறும் என்று முதலாளி சொல்லியிருந்தால் சேருங்கள். அப்படிச் சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். மற்றபடி அறிவுக்காக என்றால், 1924-ல் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற இன்ஜினீயர் தன் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் பிறந்த கன்ட்ரோல் சார்ட்டிலிருந்து, அதாவது உற்பத்தி ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் வரைபடத்திலிருந்து, ஆரம்பியுங்கள். ஒரே ஒரு நூற்பு ஃப்ரேமை எடுத்து, ஒரு மாதக் கவுன்ட் அளவுகளைக் குறித்து, சராசரிக்கு ஒரு கோடு, மேலும் கீழும் மூன்று சிக்மா (சிக்மா என்றால் திட்ட விலக்கம், சிதறலின் அளவு) தள்ளி இரண்டு கோடு. கோட்டைத் தாண்டிய புள்ளிகளுக்குப் பக்கத்தில் அன்றைக்கு எந்த ஷிஃப்ட், எந்தப் பஞ்சு லாட் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.