பெற்றோருக்கு இசை தெரியாது என்றால், பிள்ளையின் பாட்டு வகுப்பு, கிரேடு தேர்வு, மேடை இதற்கெல்லாம் எப்படி உதவுவது?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. பாட்டும் கீபோர்டும் கற்கிறாள். கீபோர்டு சார் கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். நவராத்திரிக்குக் கோயிலில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?

நாங்களும் அதே ரகம்தான். பெருந்துறையில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் கர்நாடக சங்கீதம், வாய்ப்பாட்டு, மகன் கீபோர்டு. எங்கள் இருவர் குடும்பத்திலும் இவர்களுக்கு முன்னால் கலை என்று சொன்னால் வள்ளி கும்மி ஆடின மாமா ஒருத்தர்தான்.

இசை தெரியாத பெற்றோர் செய்யக்கூடியதில் பெரிய உதவி, பிள்ளை பயிற்சி செய்யும்போது கூட உட்கார்ந்து கேட்பது. வெறுமனே கேட்பது, அவ்வளவுதான். திருத்தப் போனால், டீச்சர் ஒன்று சொல்ல, நீங்கள் யூடியூபில் பார்த்து இன்னொன்று சொல்ல, பிள்ளைக்கு இரண்டிலும் நம்பிக்கை போய்விடும்.

எங்கள் வீட்டில் இந்த வேலையைச் சரியாகச் செய்தது என் மாமியார். மகள் சாயங்காலம் முன்னறையில் சுருதிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தால், அவரும் முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். ராகம் தாளம் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு நாள், "ஏன் கண்ணு, நேத்தும் இந்த எடத்துலதான வண்டி நின்னுச்சு?" என்றார். மகள் கொஞ்சம் யோசித்து, "ஆமாங்க அம்மாயி, அங்க மூச்சு பத்தல" என்று தானே சொன்னாள். அடுத்த வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்டு, எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்று தெரிந்துகொண்டு வந்தாள். தினமும் ஒரே இடத்தில் நிற்கிறதா, நேற்றைவிட இன்றைக்கு நீளமாகப் போகிறதா என்று சொல்லச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, தினமும் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

சரி, ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ளுங்கள்: ஆதி தாளம். ஒரு சாயங்காலம் போதும். தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டித் திருப்பு, மறுபடியும் தட்டித் திருப்பு. மொத்தம் எட்டு. பிள்ளை தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடும்போது ஸ்வரங்கள்தான் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகமாகும். கை ஒரே வேகத்தில் போக வேண்டும். இந்தக் காலம் மாறும் இடத்தில்தான் பிள்ளைகள் கையையும் சேர்த்து ஓட்டுவார்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்து தாளம் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம், "ஆறு மாசமா சரிகமபதநிதானா, ஒரு பாட்டுகூடச் சொல்லித்தரலையே" என்று டீச்சரிடம் கேட்காதீர்கள். எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி அது, எல்லா டீச்சருக்கும் எரிச்சல் தருகிற கேள்வியும்கூட. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரம், பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அதற்கப்புறம்தான் கீர்த்தனை என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வரிசை. நடுவில் குதித்துக் கீர்த்தனைக்குப் போன பிள்ளைகள் ஒரு பாட்டை ஒப்பிக்கும். புதுப் பாட்டைத் தானாகப் பிடிக்கத் திணறும். டீச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த வாரம் வீட்டுல எதைப் பாடணுங்க மிஸ்?" அதை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுருதிக்குப் போனில் ஆப் வைத்திருப்பீர்கள். வீட்டுக்கு அது போதும், ஆனால் போனைக் கொடுத்தால் அதில் வேறென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். மகள் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில் பாடுகிறாள் என்று டீச்சரிடம் கேட்டு, அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். ஆண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பன்னிரண்டு, பதினாலு வயதில் குரல் உடையும். "குரல் போச்சு" என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். போகவில்லை, இறங்குகிறது, டீச்சர் கட்டையைக் குறைத்துக் கொடுப்பார்.

கீபோர்டு வாங்கும்போது பொருட்காட்சியில் விற்கும் சின்னக் கட்டை வைத்ததை வாங்காதீர்கள் (இங்கே கட்டை என்றால் விரலால் அழுத்தும் கீ). முழு அளவில் 61 கட்டை, அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைகிற டச் வசதி, ஸ்டாண்டு. இது முதல் சில கிரேடுக்குத் தாராளம். ஆனால் கீபோர்டு தேர்வு வேறு, பியானோ தேர்வு வேறு. கீபோர்டில் இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடிக்க, மெஷினே தாளமும் துணையும் கொடுக்கும். பியானோவில் இரண்டு கையும் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும், 88 கட்டையும் பெடலும் வேண்டும். எதில் சேர்க்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். கிரேடு மூன்றுக்கு மேல் வந்து மாறுவது பிள்ளைக்குக் கஷ்டம்.

இனி தேர்வு. இங்கே கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் டிரினிட்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்: டிரினிட்டி காலேஜ் லண்டன். இனிஷியல், பிறகு கிரேடு 1 முதல் 8 வரை. மொத்தம் 100 மதிப்பெண். 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். கீபோர்டு, பியானோ போன்றவற்றில் மூன்று பீஸுக்கு (தேர்வில் வாசிக்கும் பாட்டு) தலா 22, ஸ்கேல் (ஸ்வர வரிசை) முதலான டெக்னிக்கல் வொர்க்குக்கு 14, சப்போர்ட்டிங் டெஸ்ட் இரண்டுக்குத் தலா 10. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பல வகுப்புகளில் வருஷம் முழுக்க அந்த மூன்று பீஸையே இடித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றிலும் முழு மதிப்பெண், ஸ்கேலிலும் முழு மதிப்பெண் என்றே வைத்தாலும் 80தான். மீதி 20 சைட் ரீடிங் (புது நோட்டைப் பார்த்ததும் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது), இம்ப்ரொவைசேஷன் (அப்போதே கற்பனை செய்து வாசிப்பது), மியூசிக்கல் நாலெட்ஜ் (இசை பற்றிய கேள்விகள்) இவற்றில் இருக்கிறது. கிரேடு 5 வரை இதில் இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். "சப்போர்ட்டிங் டெஸ்ட்டுக்கு எப்ப ஆரம்பிப்பீங்க சார்?" என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். "கடைசி ரெண்டு வாரத்துல பாத்துக்கலாங்க" என்று பதில் வந்தால் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு தேர்வு அமைப்பு ஏ.பி.ஆர்.எஸ்.எம். அதுவும் லண்டன்தான், 1889ல் தொடங்கியது. 150க்கு மதிப்பெண், 100 பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். அதில் கிரேடு 6, 7, 8 வாசிப்புத் தேர்வுக்கு முன் கிரேடு 5 தியரி (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அல்லது அதற்கு ஈடான ஒன்றை முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எது உயர்ந்தது என்று வாட்ஸப் குழுக்களில் சண்டை நடக்கும், நீங்கள் அதில் இறங்க வேண்டாம். உங்கள் வாத்தியாருக்கு எது பழக்கமோ அதுதான் உங்களுக்கு.

ஒவ்வொரு கிரேடையும் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. இரண்டு அமைப்பிலும் முந்தின கிரேடு முடிக்காமல் நேராக அடுத்ததற்குப் போகலாம். இதைப் பல இடங்களில் சொல்லமாட்டார்கள், கட்டணம் இருக்கிறதே. ஒரு கிரேடு எழுதிவிட்டு, அடுத்த ஒரு வருஷம் தேர்வே இல்லாமல் பிடித்த பாட்டுகளை வாசிக்க விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. சான்றிதழ் பைலில் ஏழு காகிதம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர் கேட்டால் வாசிக்க ஒரு பாட்டு இல்லாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் எந்தக் கிரேடு முடித்தார் என்று பிள்ளைகளின் அப்பாரு, அதாவது தாத்தா, கேட்பார். அவருக்கு அந்தக் கேள்வி கேட்பதில் ஒரு சந்தோஷம்.

தேர்வு நாளில் பெற்றோர் வேலை எல்லாம் சில்லறை வேலைதான், ஆனால் விட்டால் வினை. பாட்டுப் புத்தகம் ஒரிஜினல் வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மையத்தில் கீபோர்டு இருக்குமா, நாம் தூக்கிப் போக வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் கீபோர்டு என்றால் அடாப்டர், ஸ்டாண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அறைக்குள் உங்களை விடமாட்டார்கள். எங்களுக்கு மையம் கோயம்புத்தூரில் விழுந்தது. அவினாசி ரோட்டு நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூட்டியே கிளம்புங்கள். முடிந்து வெளியே வந்ததும் "எப்படி வாசிச்ச? எங்க தப்பு விட்ட?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, முடிவு வரச் சில வாரமாகும். நாங்கள் ரோட்டுக்கடையில் காளான் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தோம். பாதி வழியில் மகனே எல்லாம் சொல்லிவிட்டான்.

2020க்குப் பிறகு வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வும் இரண்டு அமைப்பிலும் வந்துவிட்டது. நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வசதிதான், ஆனால் கேமராமேன் நீங்கள். எங்கள் தெருவில் தறி ஓடும். தறி நிற்கிற நேரம் பார்க்க வேண்டும். குக்கர் விசில், காலிங் பெல், பால்காரர் ஹாரன், எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு வேண்டும். முக்கியமாக ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுத் திருவிழாவைத் தொடங்கிவிட்டார்கள் என்றால் கோயில் பொங்கல் முடியும்வரை மைக் செட் ஓயாது. அந்த வாரங்களில் பதிவு செய்யத் திட்டமே போடாதீர்கள்.

பாட்டுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் தேட வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இந்திய இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருக்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. கோயம்புத்தூர் பக்கம் மாலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அரசின் கலைப் பயிற்சி மையமான ஜவகர் சிறுவர் மன்றம். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் கட்ட முடியாதவர்கள் முதலில் இங்கே விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் கலைத் திருவிழாப் போட்டியும் இருக்கிறது.

நவராத்திரி மேடைக்கு வருவோம். மிருதங்கம் வாசிக்க ஆள் வந்தால், மகள் எத்தனை கட்டை என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் மேல் சுருதிக்கு ஒரு மிருதங்கம், ஆண்களின் கீழ்ச் சுருதிக்கு வேறு மிருதங்கம். தெரியாமல் வேறொன்றை எடுத்து வந்துவிட்டால் மேடையில் சுருதி சேர்க்கவே முடியாது. சுருதிக்குப் போன் ஆப் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் லோன் வேணுமா என்று கால் வந்த மேடைகளும் உண்டு. மைக் உயரம் அதற்கு முன் பேசின பெரிய மனுஷருக்கு வைத்ததாக இருக்கும். மைக் செட்காரரிடம் போய் இறக்கச் சொல்வது உங்கள் வேலை, பிள்ளை கேட்காது. பிறகு முன் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைக்காமல் உட்காருங்கள். வீடியோவை யாரையாவது எடுக்கச் சொல்லலாம். அவள் உங்கள் முகத்தைத்தான் தேடுவாள்.

காதுகுத்து, சீர் என்று போகும் இடமெல்லாம் "பாட்டுக் கிளாஸ் போறயாமா அம்மிணி, ஒண்ணு பாடு பாக்கலாம்" என்பார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில், சுருதி இல்லாமல். பிள்ளைக்கு இஷ்டமிருந்தால் பாடட்டும். இல்லையென்றால் "இன்னொரு நாளைக்குப் பாடுவாங்க" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடம் மாட்டேன் என்று சொல்லும் தர்மசங்கடத்தைப் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது.

கடைசியாகப் பத்தாம் வகுப்பு. நம் பக்கம் ஒன்பதாவது வந்தாலே ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிறு டெஸ்ட், கொஞ்சம் வசதி இருந்தால் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி. பாட்டு முதலில் நிற்கும். நிறுத்தினவர்களில் திரும்ப வந்தவர்கள் குறைவு என்று மகளின் மிஸ்ஸே சொல்வார். அதனால் நாங்கள் தேர்வையும் மேடையையும் மட்டும் அந்த வருஷத்துக்கு விட்டோம். வாரம் ஒரு வகுப்பு, தினம் இருபது நிமிஷம், புதுப் பாட்டு கிடையாது, தெரிந்த வர்ணங்களையே பாடுவது. மிஸ்ஸும் ஒத்துக்கொண்டு சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொன்னார். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் எட்டரைக்குத்தான்.