திறந்து பார்த்த ஃபிளாஷுக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இரண்டு உதவியாளர்களுடன் ஸ்டுடியோ நடத்துகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் 17,500 ரூபாய்க்கு ஒரு வெளி ஃபிளாஷ் வாங்கினேன். மாட்டினால் பெரும்பாலும் கேமரா அதைக் கண்டுகொள்வதே இல்லை. கடைக்காரர் கேமராவைக் குறை சொல்கிறார். கேமரா சர்வீஸ் சென்டரில் ஃபிளாஷைக் குறை சொல்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் திறந்தும் பார்த்தார். ஒரு ரிசப்ஷன் பாழாகி, 60,000 ரூபாய் வராமல் போயிற்று. கடையில் எல்லார் முன்னிலும் என்னை அவமதித்தார்கள். மூன்று லட்சம் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: கடையில் நடந்த அவமதிப்பை நுகர்வோர் ஆணையத்தில் பேசிப் பயனில்லை. ஆணையம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: கடையை விட்டு வெளியே வந்த அன்றே அந்த ஃபிளாஷில் குறை இருந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? மெக்கானிக்கைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்வார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவின்படி, விற்பவர் வாய்விட்டுச் சொன்ன தரத்தைப் பொருள் எட்டாவிட்டாலும் அது குறையே. ஆகவே, "உங்கள் கேமராவுக்கு இது சரியாகப் பொருந்தும்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தி உங்களிடமுள்ள மிகப் பெரிய சொத்து. அப்படி எதுவும் இல்லையென்றால் நிலைமை வேறு. கேனான் 1500டி போன்ற சில கேமராக்களின் ஹாட் ஷூவில், அதாவது மேலே ஃபிளாஷை மாட்டும் இடத்தில், நடு முனையே கிடையாது. அந்த முனையை மட்டும் நம்பி இயங்கும் ஃபிளாஷ் அதில் அடிக்காது. அதை வடிவமைப்பு என்பார்களே தவிர, குறை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான் அஞ்சுவது இனிச் சொல்லப்போவதைத்தான். உங்களைப் போலவே வந்த ஒரு கட்சிக்காரர், வழக்குக்கு முன்பே ஃபிளாஷின் அடிப்பக்க முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி மாட்டியிருந்தார். அணைத்த பின்னும் ஏறக்குறைய 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடிய கெப்பாசிட்டர் அதற்குள் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. 38(2)ஆம் பிரிவின்படி பொருள் முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போனது. கட்டணத்தையும் அவரே கட்டினார். முனைகளில் கீறல்கள், திருகாணித் தலைகளில் தேய்மானம், ஒரு முனை வளைவு, இவை தயாரிப்பில் வந்தவையா கையாண்டதில் வந்தவையா எனச் சொல்ல இயலாது என்று அறிக்கை வந்தது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

எனவே இனி யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். மெக்கானிக்கிடம் எதைத் திறந்தார், எதையாவது மாற்றினாரா என்று எழுதி வாங்குங்கள். பிரமாணப் பத்திரத்தில் இதை மறைத்துப் பிறகு வெளியே வந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளும் நம்பப்படாமல் போகும். அடுத்து, அதே மாடல் கேமரா வைத்திருக்கும் நண்பரிடம் உங்கள் ஃபிளாஷை மாட்டுங்கள். அவருடைய ஃபிளாஷை உங்கள் கேமராவில் மாட்டுங்கள். இரண்டின் வரிசை எண்களும் தெரியும்படி, வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷின் மென்பொருளைப் புதுப்பிப்பதாக இருந்தால் பழைய பதிப்பு எண்ணை முதலில் படமெடுங்கள். உங்கள் ஃபிளாஷ் அங்கும் அடிக்காமல், அவருடையது இங்கே அடித்தால் வழக்குக்கு ஓர் அடிப்படை உண்டு. எந்த ஃபிளாஷும் உங்கள் கேமராவில் அடிக்காவிட்டால் பேசாமல் கேமராவின் ஹாட் ஷூவைச் சரிபாருங்கள். தனித்தனியே எல்லாம் இயங்கி, இவ்விரண்டும் சேரும்போது மட்டும் இயங்காவிட்டால், "பொருந்தும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் அந்தச் சொல் ஒன்றே உங்களுக்கு மிச்சம்.

மூன்று லட்சத்தை மறந்துவிடுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் 2(7)ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியவருக்கே விலக்கு. லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் எதிர் கோவை பி.எஸ்.ஜி. நிறுவன வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஓரிருவர் உதவியுடன் தானே இயக்குபவர் அந்த விலக்கை இழப்பதில்லை என்று விளக்கியது. நீங்கள் அந்த எல்லைக்கோட்டின் மேல்தான் நிற்கிறீர்கள். ரிசப்ஷன் நஷ்டம், ஸ்டுடியோ வருமானம் என்று தொகையைப் பெருக்கிக் காட்டுகிற ஒவ்வொரு வரியும் நீங்கள் பெரிய வணிகம் நடத்துகிறீர்கள் என்பதற்கு நீங்களே தரும் சாட்சியமாகிவிடும். இப்படித் தாம் எழுதிய மனுவாலேயே தோற்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: திறக்கப்பட்ட 17,500 ரூபாய்ப் பொருளுக்காக, வேலை நாட்களில் வாய்தாவுக்கு அலையாதீர்கள். அந்த வீடியோவோடு ஒரு நோட்டீஸ் அனுப்பி, வேறு ஃபிளாஷ் மாற்றித் தரச் சொல்லுங்கள். சில ஆயிரம் குறைத்துத் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குத் தொடர 69ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு; ஆனால் பேச்சுவார்த்தை நடப்பதால் அந்தக் காலம் நீளாது. சமரசமானால், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளைக் கடைக்காரர் நீட்டுவார். மாற்றித் தரும் ஃபிளாஷை அவருடைய மேசையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி, ஒரு பத்து முறை அடித்துப் பார்த்த பிறகே அதில் கையெழுத்திடுங்கள்.