மூன்று பேப்பரும் ஒன்றுபோலச் சொன்னால்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அப்பா ஒரு சேனல், மாமனார் வந்தால் இன்னொரு சேனல். ஒரே போராட்டம், ஒரு சேனலில் ‘மக்கள் எழுச்சி’, மற்றதில் ‘வன்முறைக் கும்பல்’. வெறுத்துப்போய், தினமும் மூன்று பத்திரிகைகளை வாங்கி, ஒரே செய்தியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எக்செல்லில் குறித்து வருகிறேன். தலைப்பில் எத்தனை உணர்ச்சிச் சொற்கள், ஆளும் கட்சிக்கு எத்தனை வரி, எதிர்க்கட்சிக்கு எத்தனை வரி, யாருடைய படம் என்று பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால் அந்தச் செய்திக்குப் பச்சை, வேறுபட்டால் சிவப்பு. இப்போது ஏஐயிடம் கொடுத்தால் அதுவே சார்புக்கு மதிப்பெண் போட்டுத் தருகிறது. இந்த முறை சரிதானா? தமிழில் நடுநிலையான பத்திரிகை அல்லது சேனல் ஒன்றையாவது சொல்ல முடியுமா? நான் ஆதரிக்கும் தரப்பின் சேனலாவது பெரிய பொய் சொல்வதில்லை என்பது என் எண்ணம். தவறு என்றால் திருத்துங்கள்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மூன்றும் ஒத்துப்போனால் பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக நான் வேறொரு வேலைக்காக இஸ்ரோ உளவு வழக்கில் வந்த ஒரு பழைய தீர்ப்பைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

நடுநிலையான சேனல் என்று ஒன்று இல்லை, தேடி அலையாதீர்கள். சன், ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று எந்தச் சேனல் எந்தக் கட்சியின் வாசலில் பிறந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த சார்பால் அவ்வளவு கேடு இல்லை, பார்க்கிறவர் மனதுக்குள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறார். ஏஐ மதிப்பெண்ணும் அப்படித்தான். தலைப்பில் எத்தனை காரமான சொல் இருக்கிறது என்று அது எண்ணித் தரும், அந்த நிருபருக்கு முந்தின நாள் சாயந்திரம் போன் செய்தது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

‘நான் ஆதரிக்கும் தரப்பின் சேனலாவது’ என்ற வரி எனக்குக் கோபத்தை மூட்டியது, அதைச் சொல்லாமல் விட முடியாது. தினமும் மூன்று பேப்பர் வாங்கி, வரி எண்ணி, இவ்வளவு மெனக்கெட்டு, கடைசியில் சொந்தத் தரப்புக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதற்கா இத்தனை பாடு? அப்பாவையும் மாமனாரையும் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி மிச்சம் இருக்கிறது? அவர்களாவது எக்செல் போட்டு அதை நியாயப்படுத்தவில்லை. உங்கள் சேனலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் கழிக்காமல் கேட்கிறீர்கள்.

சரி, பச்சைக்கு வருகிறேன்.

1994. சூரத்தில் பிளேக் பரவி நாடே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். விமானம் ரத்தானதால் மாலத்தீவுக்குத் திரும்ப முடியாமல் மரியம் ரஷீதா என்ற பெண் திருவனந்தபுரத்தில் மாட்டிக்கொண்டார். விசாவை நீட்டிக்கப் போலீஸ் அலுவலகம் போனார். அக்டோபர் 20ஆம் தேதி கைதானார். அன்றைக்கு அவர் மீது இருந்த குற்றம், விசா முடிந்தும் தங்கியது. அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து சசிகுமாரன் என்ற இஸ்ரோ விஞ்ஞானிக்குத் தொலைபேசி அழைப்பு போயிருந்தது. தொடக்கத்தில் கையில் இருந்தது இவ்வளவுதான். இதிலிருந்து அடுத்த சில வாரங்களில் மலையாளப் பத்திரிகைகளில் ஒரு உளவுக் கதை வளர்ந்தது. ராக்கெட் ரகசியம் விற்கப்பட்டது, அழகிகள், டாலர்கள், பாகிஸ்தான் என்று தினமும் ஒரு அத்தியாயம். மகளின் படிப்புக்காகப் பெங்களூரில் இருந்த ஃபௌசியா ஹசன் கைதானார், சசிகுமாரன் கைதானார், நவம்பர் 30ஆம் தேதி நம்பி நாராயணன் கைதானார். அவர் நாகர்கோவில்காரர். பிரான்சில் இருந்து வேலை பார்த்து விகாஸ் என்ற ராக்கெட் இன்ஜினை இங்கே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், அப்போது கிரையோஜெனிக் திட்டத்தை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் இன்ஜின் திட்டத்தை, நடத்திக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் எக்செல்லை எடுத்துக்கொண்டு 1994 நவம்பருக்குப் போங்கள். காங்கிரஸ் சார்பான பேப்பர் ஒன்று, இடதுசாரிப் பேப்பர் ஒன்று, கட்சி சாராதது என்று பெயரெடுத்தது ஒன்று. விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிருபர்களைத் தவிர எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதினார்கள். ஒத்துப்போகிறது, ஆகவே பச்சை. மாதக் கடைசியில் உங்கள் அட்டவணையிலேயே மிக நம்பகமான செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் ஒத்துப்போனது என்று கேட்டால்தான் அரசியல் தெரியும். கேரளத்துக் காங்கிரஸ் கட்சிக்குள் முதலமைச்சர் கருணாகரன் கோஷ்டி, அந்தோணி கோஷ்டி என்று அடிதடி நடந்துகொண்டிருந்த காலம். ஐ.ஜி. ரமண் ஸ்ரீவஸ்தவா கருணாகரனுக்கு வேண்டியவர் என்று பேர், அவர் பெயரும் இந்தக் கதைக்குள் இழுக்கப்பட்டது. முதலமைச்சர் துரோகிகளைக் காப்பாற்றுகிறார் என்று சொந்தக் கட்சியின் எதிர்க்கோஷ்டியும் கூவியது, இடதுசாரிகளும் கூவினார்கள். 1995 மார்ச்சில் கருணாகரன் பதவி போனது, அந்தோணி வந்தார். ஆக, ஒருவருக்கொருவர் ஆகாத தரப்புகளுக்கெல்லாம் அந்தக் கதை தேவைப்பட்டது. கதையைக் கொடுத்ததோ ஒரே இடம், விசாரணை செய்த போலீஸும் உளவுத்துறையும். ஒரே கிணற்றில் மூன்று குடம் மொண்டு வந்து, மூன்றிலும் தண்ணீர் ஒரே ருசி, ஆகவே சுத்தமான தண்ணீர் என்று சொல்வதுதான் உங்கள் முறை.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊரில் தமிழ்ப் பேப்பர் அளவுக்கு மலையாளப் பேப்பரும் வரும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர், பால்காரன் கணக்கைக்கூட மாதக் கடைசியில் இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பார். வாசகசாலையில் போய் எதிரெதிர்க் கட்சிகளின் இரண்டு பேப்பர்களையும் விரித்துவைத்துப் படிப்பார். அந்த மாதம் நான் சந்தேகத்தோடு ஏதோ கேட்டதற்கு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ரெண்டு கட்சிக்காரனும் ஒண்ணுபோல எழுதியிருக்கான், பிறகு என்னடே சந்தேகம்?” என்றார். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் வாயால் ‘அந்த மாலத்தீவுக்காரி’ என்று தொடங்கி அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் செய்ததும் நீங்கள் செய்வதும் ஒன்றுதான் தம்பி. அவரிடம் எக்செல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்டிருக்க வேண்டிய ஒரு சாதாரணக் கேள்வி இருந்தது. விற்பதற்கு என்ன இருந்தது? கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை விற்றுவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் உயிர்நாடி. 1991இல் அன்றைய சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம், அமெரிக்கா நெருக்கியதில் 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது என்று பின்வாங்கி, இன்ஜின்களை மட்டும் தருவதாக மாற்றிக்கொண்டது. இது ரகசியமே இல்லை, எல்லாப் பேப்பரிலும் வந்த செய்தி. நம் சொந்தக் கிரையோஜெனிக் இன்ஜின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில், ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட்டில். கைது நடந்து இருபது வருடம் ஆகப்போகிற நேரத்தில். 1994இல் நம் கையிலேயே இல்லாத ஒன்றை எப்படி விற்க முடியும்? வலியமலையில் இஸ்ரோவின் திரவ எரிபொருள் மையம் திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்விடுகிற தூரம்தான். தன் பத்திரிகையின் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்திருந்தால்கூடப் போதும். ஸ்டேஷனுக்குத் தினமும் போன நிருபர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

இது நிருபர்களின் தனிப்பட்ட அயோக்கியத்தனம் என்று நான் நினைக்கவில்லை. கிரைம் செய்தி எப்படி உருவாகிறது என்று ஒரு நாளிதழின் டெஸ்கில் சில வருடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாயந்திரம் ஸ்டேஷனுக்கு ஒரு போன், எப்.ஐ.ஆர். சுருக்கம், அதற்கு மேல் இன்ஸ்பெக்டர் ‘பேர் போடாதீங்க’ என்று சொல்லும் இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் மறுநாள் ‘விசாரணையில் திடுக்கிடும் தகவல்’ ஆகும். ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று நாம் தினமும் படிக்கிறோமே, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொன்னது. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. கோர்ட் ஏற்காததை நாம் காபியோடு சேர்த்து முதல் பக்கத்தில் ஏற்றுக்கொள்கிறோம். அந்த மாதிரிச் செய்தியில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதலாம், இரு கட்சிக்கும் சம வரி கொடுக்கலாம், உங்கள் அட்டவணையில் முழு மதிப்பெண் வாங்கலாம். ஆனால் பேசியது ஒரே ஒரு ஆள், அந்த ஆளுக்கு அந்தக் கைது நியாயமானது என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. கைதானவரின் மனைவியிடமோ வக்கீலிடமோ பேசினார்களா என்று பாருங்கள். பேசியிருந்தால் எத்தனையாவது பத்தியில் அது வருகிறது என்று பாருங்கள். ‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்றாவது இருக்கிறதா? பெரும்பாலும் அதுகூட இருக்காது. சார்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான், தலைப்புக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.

டிசம்பர் தொடக்கத்தில் சி.பி.ஐ. வழக்கை எடுத்தது. 1996இல் எல்லாம் பொய், ஆதாரம் எதுவும் இல்லை என்று கோர்ட்டில் அறிக்கை கொடுத்தது. அதோடு விட்டார்களா? புதிதாக வந்த நாயனாரின் இடதுசாரி அரசு மாநிலப் போலீஸை வைத்து மறுபடி விசாரிக்கக் கிளம்பியது. 1998 ஏப்ரல் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த இரண்டு பெண்களும் அதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்கள். விசா நீட்டிக்கப் போன பெண்ணும், மகளைப் படிக்கவைக்க வந்த பெண்ணும். நம்பி நாராயணனைப் பற்றியாவது பிற்பாடு நிறைய எழுதினார்கள், அவருக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு வழங்கச் சொன்னது, அடுத்த வருடம் பத்மபூஷண். மரியம் ரஷீதாவைப் பற்றி அத்தனை வாரம் தொடர் எழுதிய பேப்பர்கள் அவர் விடுதலையானபோது எத்தனை பத்தி கொடுத்தன? ஃபௌசியா ஹசன் 2022இல் இறந்துபோனார். மன்னிப்புக் கேட்டு அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டியதாக நான் படித்ததில்லை.

என் பெரியப்பா 1998 தீர்ப்பைப் படித்தார். முதல் பக்கத்தில் மாதக்கணக்கில் படித்திருந்தவர் இதைச் சின்னதாகப் படித்தார். பேப்பரை மடித்துவைத்துவிட்டு, “மேலிடத்துல பிடிச்சு கேஸை அமுக்கிட்டானுவ” என்றார். கடைசிவரை அப்படித்தான் நம்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்யை நூறு நாள் முதல் பக்கத்தில் கொட்டிவிட்டு, உண்மையை ஒரு நாள் ஓரத்தில் போட்டால் ஒரு கணக்கு வாத்தியாருக்கு எது பெரிய தொகையாகப் படும்?

இது கேரளத்துக் கதை, பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் சுட்டுப் பதின்மூன்று பேர் செத்தார்கள். சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டோம். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, போலீஸ் வரம்பு மீறியது என்று அது சொன்னது. 2018இல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டில் எத்தனை பேர் 2022இல் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசினீர்கள்? உங்கள் அட்டவணையில் அதற்கு இடம் உண்டா?

அதனால் வரி எண்ணுவதை நிறுத்துங்கள். நீங்கள் பச்சை போட்டவற்றில், யாரோ ஒருவர் கைதான செய்திகளாக நாலைந்தை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சொன்னது யார் என்று ஒவ்வொன்றிலும் அடிக்கோடு போடுங்கள். பிறகு அந்த வழக்கு என்ன ஆனது என்று வருடா வருடம் தேடுங்கள், ஈரோடு கோர்ட்டில் நடப்பதாக இருந்தால் நேரில் போயே விசாரிக்கலாம், வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலேயே நிலவரம் கிடைக்கும். உங்கள் தரப்பு சேனல் கொண்டாடிய கைது ஒன்றாவது அதில் இருக்கட்டும். நம்பி நாராயணன் வழக்கின் 2018 செப்டம்பர் 14 தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவரையும் மற்றவர்களையும் வழக்கில் சிக்கவைத்ததற்காக முன்னாள் போலீஸ், உளவுத்துறை அதிகாரிகள் ஐந்து பேர் மீது சி.பி.ஐ. 2024இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கிறது. அந்தச் செய்தியை உங்கள் மூன்று பேப்பரும் எந்தப் பக்கத்தில் போட்டன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.