டீக்கன் ஏன் திரும்பி வரவில்லை?

அன்புள்ள அண்ணா,

பத்தாவது படிக்கும் என் மகளுக்கு இங்கிலாந்தின் ராக் குழுவான குயீனின் பாட்டென்றால் உயிர். அடிநாதம் தருகிற, தடித்த கம்பிகள் கொண்ட பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். "பேஸ் யார் காதில் விழப்போகிறது, லீட் கிட்டார் கற்றுக்கொள்" என்கிறார்கள் வீட்டில். போதாததற்கு, குயீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன், பாடகர் ஃபிரெடி மெர்குரி இறந்ததும் குழுவைக் கைவிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பங்குப்பணம் வாங்குகிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, பிள்ளை அழுதேவிட்டாள். அவர் செய்தது சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

சரிதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

முதலில், கைவிட்டார் என்பதே தப்பு. ஃபிரெடி இறந்தது 1991 நவம்பர் 24. அடுத்த ஏப்ரலில் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீக்கன் வாசித்தார். ஃபிரெடி பாடிவைத்துவிட்டுப் போன குரல் பதிவுகளைக் கொண்டு 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தை, குழுவின் மற்ற இருவரான கிட்டார் கலைஞர் பிரையன் மே, டிரம் கலைஞர் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து முடித்துக்கொடுத்தார், அது வெளிவந்தது 1995இல். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட, ஒரே ஒரு பாட்டு வாசித்தார். குயீனோடு அவர் மேடையேறியது அதுதான் கடைசி. அதாவது பாடகர் போன பிறகும் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து, பாக்கி வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். 2001இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தை வாங்கக்கூட அவர் போகவில்லை. வேறு பாடகர்களோடு குயீன் பெயரில் ஊர் ஊராகப் போவது பிரையன் மேக்கும் ரோஜர் டெய்லருக்கும் சரியாகப் பட்டது, அவருக்குப் படவில்லை. இதில் துரோகம் எங்கே வந்தது?

அப்புறம் அந்தப் பங்குப்பணம். அது யாரோ போட்ட பிச்சை இல்லை, அவர் எழுதிய பாட்டுகளின் கூலி. லெஸ்டரில் பிறந்தவர், சிறுவயதிலேயே அப்பாவை இழந்தவர். பள்ளி நாட்களில் நண்பர்களோடு நடத்திய குழுவில் ரிதம் கிட்டார்தான் வாசித்துக்கொண்டிருந்தார், பேஸ் வாசித்த பையன் சரிவராததால் இவர் அதற்கு மாறினார். 1971இல் லண்டனில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது குயீனில் சேர்ந்தார். அவருக்கு முன் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். நான்காவதாக வந்த, அதிகம் பேசாத இந்தப் பையன் நிலைத்துவிட்டான். படிப்பையும் விடவில்லை, முதல் வகுப்பில் தேறினார்.

அந்தப் படிப்பு வீண்போகவில்லை. லண்டன் தெருவில் ஒரு குப்பைத்தொட்டியில் கிடந்த சர்க்யூட் பலகையை எடுத்துவந்து, ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தார். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகுகூடக் கிடையாது. பிரையன் மே தன் கிட்டாரை அதில் செருகிப் பார்த்தார், வந்தது வயலினும் டிராம்போனும் கலந்த மாதிரி ஒரு குரல். 'குட் கம்பெனி' பாட்டில் பழைய ஜாஸ் குழுவே வாசிப்பதுபோல் கேட்கிறதே, அது கிட்டார்தான், அந்தப் பெட்டி வழியாக வந்தது. பேஸ் யார் காதில் விழப்போகிறது என்று கேட்பவர்கள், பிரையன் மேயின் கிட்டாரில் பாதி அழகு இந்த பேஸ்காரர் கைவேலை என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டெழுத வந்தது மெதுவாகத்தான். 1975இல் மனைவிக்காக 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' எழுதினார். அதற்கு எலக்ட்ரிக் பியானோ வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, ஃபிரெடிக்கோ அந்த வாத்தியமே பிடிக்காது. டீக்கன் சண்டை போடவில்லை. அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், தானே பழகிவந்து, தானே வாசித்துப் பதிவுசெய்தார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் லேசாகக் கரகரக்கிற பியானோ இவருடைய விரல்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

குயீன் ராக் குழு என்பார்கள், உண்மைதான், ஆனால் அதற்குள் பாப்பையும் டிஸ்கோவையும் கொண்டுவந்ததில் டீக்கனுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க்கின் டிஸ்கோ குழுவான ஷிக்கை, குறிப்பாக அதன் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் வாசிப்பை, மிகவும் விரும்பிக் கேட்டவர். அதிலிருந்து பிறந்தது 1980இன் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. குழுவிலேயே எல்லாருக்கும் அதில் நம்பிக்கை இருக்கவில்லை. இதைத் தனிப்பாட்டாக வெளியிடுங்கள் என்று அவர்களிடம் வற்புறுத்தியவர் மைக்கேல் ஜாக்சன். அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. 1984இன் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'யும் இவர் எழுதியதே. ஒரு பாட்டிலும் தனிக்குரலில் பாடாத மனிதர், தன் பாட்டுகளை ஃபிரெடியின் குரலை மனதில் வைத்தே எழுதினார். அந்தக் குரல் போனபிறகு இன்னொருவரைப் பாடவைத்து, பின்னால் நின்று வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

'அண்டர் பிரஷர்' கதையையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். 1981இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் பாடகர் டேவிட் பவியோடு சேர்ந்து செய்த பாட்டு. அந்தப் புகழ்பெற்ற பேஸ் வரி டீக்கனுடையது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். டீக்கனோ அது பவியுடையது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு பேஸ் வாங்கிக்கொடுங்கள். முதலில் 'அனதர் ஒன்' வரியையே பழகட்டும். தடித்த கம்பியை அழுத்தாமல் அப்படியே மூன்று தடவை தட்ட வேண்டும், டம், டம், டம். பிறகு சின்ன இடைவெளி. மறுபடி அதே சுரம், கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். சுரங்கள் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கம்பியை எப்போது கையால் அமர்த்தி நிறுத்துவது என்பது வர மாதக்கணக்காகும். ஒவ்வொரு டம்முக்குப் பிறகும் ஒலி வழியாமல் கச்சிதமாக நிற்க வேண்டும். அந்தப் பதிவில் டிரம் சத்தம் வறண்டு கேட்கட்டும் என்று உள்ளே போர்வையைத் திணித்தார் டெய்லர். வீட்டில் ஹெட்ஃபோன் இருந்தால் அவளை அதில் கேட்கச் சொல்லுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் காதில் விழாது. அந்தச் சொந்தக்காரருக்கும் ஒரு தடவை ஹெட்ஃபோனைக் கொடுங்கள்.