ஆர்ம் கணினியில் லினக்ஸ் போடலாமுங்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனி ஆபீஸுக்கு ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்கிறார்கள். விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு லினக்ஸ் போட்டுக்கலாமுங்களா?

இப்போதைக்கு வேண்டாம். பேட்டரிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

ஸ்னாப்டிராகன், ஆப்பிளின் எம் வரிசை, ராஸ்பெரி பை எல்லாம் 'ஆர்ம்' வகைப் பிராசஸர் கொண்டவை; இன்டெல், ஏஎம்டி வேறு வகை. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை போர்டில் பதித்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளே, ஏசிபிஐ என்ற அட்டவணையாக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் ஒரே பென்டிரைவை வைத்துப் பழைய டெஸ்க்டாப்பிலும் புது லேப்டாப்பிலும் லினக்ஸ் ஏற்ற முடிகிறது. ஸ்னாப்டிராகன் லேப்டாப்பிலும் அந்த அட்டவணை உண்டு. ஆனால் அது விண்டோஸை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸுக்கு 'டிவைஸ் ட்ரீ' என்று ஒரு கோப்பு தனியாக வேண்டும். அதை ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது எழுதிக் கெர்னலில் சேர்த்திருக்க வேண்டும். சிப் ஒன்றேதான் என்றாலும் கம்பெனி மாறினால் டச்பேடும் ஸ்பீக்கரும் கேமராவும் வேறு விதமாக இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே "ஸ்னாப்டிராகனில் லினக்ஸ் ஓடுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. "இந்த மாடலில் ஓடுமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

லினக்ஸ் லேப்டாப்பையே தொழிலாக விற்கும் ஜெர்மனியின் டக்ஸிடோ நிறுவனம் இதே சிப்பில் ஒரு மாடல் கொண்டுவர முயன்று, 2025 நவம்பரில் கைவிட்டது. எதிர்பார்த்த பேட்டரி நேரம் லினக்ஸில் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. லினக்ஸிலிருந்தே பயாஸை (போர்டின் ஃபர்ம்வேரை) அப்டேட் செய்ய வழியில்லை என்பது இன்னொன்று. ஆர்ம் பக்கம் லினக்ஸ் வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அந்தச் செய்தி எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உங்கள் ஆபீஸ் பணத்தை வைத்துச் சோதனை செய்யச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸை அழிக்காதீர்கள். கிராஃபிக்ஸுக்கும் ஆடியோவுக்கும் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகளைப் பல மாடல்களில் அந்தப் பார்ட்டிஷனிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பீளமேடு, கல்லூரி மாணவி: செகண்ட் ஹேண்டில் எம்1 மேக்புக் ஏர் கிடைக்கிறது. லினக்ஸ் ஓடுமா?

நன்றாகவே ஓடும். ஆப்பிள் சிப் மேக்குகளுக்கென்றே செய்த லினக்ஸான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் போடுங்கள். மேக்ஓஎஸ் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுக்கக் கூடாது, ஃபர்ம்வேர் அப்டேட் அது வழியாகத்தான் வரும். கிராஃபிக்ஸ், வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்யும். டச் ஐடி (விரல்ரேகை) வேலை செய்யாது. ஏர் மாடலில் எச்டிஎம்ஐ இல்லை, டைப்-சி வழியாக வெளித்திரைக்குப் படம் அனுப்புவதும் லினக்ஸில் இன்னும் பக்குவப்படவில்லை. செமினாரில் புரொஜெக்டர் தேவைப்பட்டால் மேக்ஓஎஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, 16 ஜிபி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எம்3, எம்4 மேக் வைத்திருப்பவர்கள் யூடிஎம் என்ற மெய்நிகர் கணினிச் செயலியைப் போட்டு, மேக்ஓஎஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டுவது நல்லது.

ஈரோடு, ஜவுளிக்கடை: ராஸ்பெரி பை 500 வாங்கினால் டேலி ஓடுங்களா?

நேரடியாக ஓடாது. ராஸ்பெரி பை 500 (சுருக்கமாக 'பை') கீபோர்டுக்குள்ளேயே அடங்கிய ஆர்ம் கணினி. டேலிபிரைம் விண்டோஸுக்காக, இன்டெல் வகைப் பிராசஸருக்காகச் செய்தது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற மென்பொருள் விண்டோஸ் வேலையை மட்டும்தான் பார்க்கும், பிராசஸர் கட்டளைகளை மாற்றித் தராது. பாக்ஸ்64 என்ற இன்னொரு மென்பொருள் அதை மாற்றித் தரும் என்றாலும், ஜிஎஸ்டி கணக்கை அப்படி ஓட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். டேலிக்கு என்று ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, ராஸ்பெரி பையிலிருந்து ரெம்மினா என்ற செயலி மூலம் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் போங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு இதற்கு ஆகாது. மற்றபடி லிப்ரெஆபீஸ், பிரவுசர் வேலைக்கெல்லாம் பை தாராளமாகப் போதும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் மட்டும், ஆர்ம்64 லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.

கோபி, பள்ளி ஆசிரியர்: பை 5 அடிக்கடி மின்னழுத்தம் குறைவு என்கிறது. கரண்ட் போய் வந்தால் எஸ்டி கார்டும் கெட்டுவிடுகிறது.

போன் சார்ஜரில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் சார்ஜர்; ராஸ்பெரி பை நிறுவனமே விற்கும் 27 வாட் சார்ஜர் அப்படிப்பட்டது. 3 ஆம்பியர் கொடுத்தால் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியரோடு அதுவே நிறுத்திக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் செருகினால் தடுமாறும். அப்புறம், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் கார்டைக் கெடுக்கிறது. ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். முடிந்தால் பையின் மேல் பொருத்தும் எம்.2 ஹேட் என்ற கூடுதல் பலகை வாங்கி, எஸ்டி கார்டுக்குப் பதிலாக என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். வேகமும் கண்ணுக்குத் தெரியும்.

கரூர் வாசகர்: கேனான் எல்பிபி2900 பிரிண்டர் பையில் வேலை செய்யவில்லை.

கேனான் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக்கானது. பழைய இன்டெல் கணினி ஒன்று மூலையில் கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டு, பிரிண்டரை அதில் மாட்டி, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் வழியாக நெட்வொர்க்கில் பகிருங்கள். பைக்கு அப்போது தனி டிரைவர் தேவைப்படாது. புதிதாக வாங்குவதானால் தனி டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட் வசதி உள்ள பிரிண்டராகப் பாருங்கள்.

திருச்செங்கோடு மாணவர்: டாக்கரில் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' வருகிறது.

டாக்கர், மென்பொருளைத் தேவையானவற்றோடு 'இமேஜ்' என்ற பொதியாக இறக்கி ஓட்டும் கருவி. உங்கள் ஆர்ம் கணினியில் இன்டெல்லுக்குக் கட்டிய இமேஜை இறக்கியிருக்கிறீர்கள். ஆர்ம்64 என்று குறித்திருக்கும் இமேஜை எடுங்கள்.

பொள்ளாச்சி வாசகி: ஆர்மில் தமிழ்99 தட்டச்சு வருமா?

வரும். லினக்ஸின் தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸோடு, பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் பொதியை நிறுவி, பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். இதில் பிராசஸர் எதுவாக இருந்தாலும் வித்தியாசமில்லை.